பதினேழு வயதில் முதற்பிள்ளை: நிறை குறைவதற்கு வயது மட்டும்தானா காரணம்?

படுவான்கரை ஆசிரியை எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் பாடசாலையில் பத்து வருடங்களுக்கு மேலாகக் கற்பித்து வருகிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு ஒரு பையனுடன் போய்விட்டாள். அவளுக்குப் பதினேழு வயது நிரம்பிச் சில மாதங்களே ஆகின்றன. இப்போது பையனின் வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள் என்று அவளுடைய தாய் என்னிடம் வந்து அழுதார். இன்னும் கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் பொலிஸுக்கு அறிவித்துவிடுவார்கள், பையனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பையனின் வீட்டார் மறித்து வைத்திருக்கிறார்கள்.

என் வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார், "நான் முதற்பிள்ளையைப் பெற்றபோது எனக்குப் பதினாறு வயது, எனக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இளவயதுத் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் நிறை குறைந்தும் மாதம் குறைந்தும் பிறக்கின்றன என்று கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். அது வயதினால் வருவதா, அல்லது வறுமையும் ஒளிவுமறைவும் சேர்ந்து செய்யும் வேலையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். வயதுதான் காரணமென்றால் நடந்ததை இனி மாற்ற முடியாது. மற்றவை காரணமென்றால் இன்னும் ஆறு மாதம் எங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அண்மையில் ஒரு கூட்டத்தில் ஓர் உத்தியோகத்தர் எங்கள் மாவட்டத்தில் இளவயதுக் கர்ப்பத்தின் வீதம் கூடிவிட்டது என்றார். அடுத்துப் பேசியவர் குறைந்து வருகிறது என்றார். இருவர் கையிலும் அறிக்கை இருந்தது. இருவரும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?


திட்டமிடல் கிளை, மட்டக்களப்பு எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன். மற்றவற்றை என்னைவிட அறிந்தவர்கள் சொல்வார்கள்.

இந்தக் குழப்பத்திற்குப் பாதிக் காரணம் நம்முடைய சொல். இலங்கைத் தமிழில் நூற்றுக்கு எத்தனை என்பதையும் "வீதம்" என்கிறோம், ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதையும் "வீதம்" என்கிறோம். சுகாதாரப் பகுதியினர் பெரும்பாலும் சொல்வது, வீடுவீடாகப் போய்த் தாய்மாரைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவான கர்ப்பிணிகளில் நூற்றுக்கு எத்தனை பேர் இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் என்ற கணக்கு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் மதிப்பாய்வுகள் சொல்வதோ, 15 முதல் 19 வயது வரையான ஆயிரம் பெண்களுக்கு ஒரு வருடத்தில் எத்தனை பிறப்புகள் என்பது. முதலாவதில் வகுக்கும் எண் கர்ப்பிணிகளின் தொகை; இரண்டாவதில் வகுக்கும் எண் அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் தொகை.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கே தவிர எந்த ஊரின் புள்ளிவிபரமும் அல்ல. ஒரு பிரிவில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகள் 200 பேர் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் 60 கர்ப்பிணிகள் பதிவாகி, அவர்களில் 6 பேர் இருபதுக்குக் குறைந்தவர்கள் என்றால், நூற்றுக்கு 10. சில வருடங்கள் கழித்து, திருமணமான மற்றப் பெண்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுவதால் 40 கர்ப்பிணிகளே பதிவாகிறார்கள். அவர்களில் 5 பேர் இளவயதினர். இப்போது நூற்றுக்கு 12.5, ஆகவே "கூடிவிட்டது". ஆனால் பெண்பிள்ளைகளின் தொகையை வைத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு 30 ஆக இருந்தது 25 ஆகியிருக்கிறது, ஆகவே "குறைந்துவிட்டது". கூட்டத்தில் பேசிய இருவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இந்நாட்களில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாடு முழுவதிலும் பிறப்புகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. 2020இல் 3 இலட்சத்துக்குச் சற்று மேலாகப் பதிவான பிறப்புகள் 2023இல் 2½ இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டன. வகுக்கும் எண் இப்படிச் சுருங்கும்போது, இளவயதுக் கர்ப்பங்களும் அதே வேகத்தில் குறையாவிட்டால், நூற்றுவீதம் ஏறித் தெரியும். ஆயிரத்துக்கான கணக்கில், 2006/07 மதிப்பாய்வில் 28 ஆக இருந்த இளவயதுப் பிறப்பு 2016 மதிப்பாய்வில் 21 ஆகக் குறைந்தது. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, முதலாவது மதிப்பாய்வு வடமாகாணத்தை உள்ளடக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. உலக அளவில் 2023க்கான மதிப்பீடு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 41. ஆகவே இலங்கையின் நிலை உலகச் சராசரியிலும் நல்லது; ஆனால் அந்த நாட்டுச் சராசரிக்குள் மட்டக்களப்பும் திருகோணமலையும் நீண்ட காலமாக மேல்வரிசையிலேயே நிற்கின்றன என்பதை எந்தக் கணக்கும் மறைக்கவில்லை.

ஒரு வைத்தியசாலையின் எண்ணிக்கையை வைத்து மாவட்டத்தை மதிப்பிடவும் கூடாது. இளவயதுக் கர்ப்பங்களை ஆபத்து மிகுந்தவையாகக் கருதி விசேட வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவதே நடைமுறை. ஆகவே போதனா வைத்தியசாலையின் பிரசவ அறையில் அவர்கள் கூடுதலாகத் தென்படுவார்கள். சிக்கல்களும் அங்கேயே கூடுதலாகப் பதிவாகும்.


ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், திருக்கோவில் பக்கம் எழுதியது:

மகள், உங்களை நான் அப்படி அழைப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; முப்பது வருடங்களுக்கு மேல் வீடுவீடாகச் சைக்கிளில் போய் எல்லோரையும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன்.

முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில். அவர் நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவரைப் போலப் பதினாறில் பெற்று, பிரசவத்திலேயே இறந்துபோனவர்கள் இன்று திண்ணையில் இருந்து கதை சொல்ல மாட்டார்கள். 1940களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30ஐ அண்டி நிற்கிறது. எல்லா வயதுத் தாய்மாரையும் சேர்த்த கணக்கு இது. நம்முடைய பாட்டிமாரின் காலத்தை நல்ல காலம் என்று நினைப்பதற்கு முன்னர், ஊரில் எத்தனை பிள்ளைகள் சிறிய தாயிடமும் பாட்டியிடமும் வளர்ந்தார்கள் என்று அவரிடமே கேட்டுப்பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

இனி, வயதா மற்றவையா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: 20 முதல் 24 வயதுத் தாய்மாரோடு ஒப்பிடும்போது, 10 முதல் 19 வயதுத் தாய்மாருக்கு குருதியமுக்கம் கூடுவதால் வரும் கர்ப்பகால வலிப்பு, பிரசவத்துக்குப் பின்னர் கருப்பையில் ஏற்படும் கிருமித்தொற்று ஆகியவை கூடுதலாக வருகின்றன, அவர்களின் குழந்தைகள் நிறை குறைந்து பிறப்பதும், 37 வாரம் நிரம்புமுன் பிறப்பதும், பிறந்தவுடன் கடுமையான நிலையில் இருப்பதும் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆனால் பத்தொன்பதரை வயதுப் பெண்ணையும் பதினான்கு வயதுச் சிறுமியையும் இந்தக் கணக்கு ஒரே கூடைக்குள் போடுகிறது. பதினாறுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உடலே இன்னும் வளர்ந்து முடியவில்லை. இடுப்பெலும்பு முழு அகலத்துக்கு வரவில்லை. தாயின் உடலும் வயிற்றிலுள்ள குழந்தையும் ஒரே சோற்றுக்கும் ஒரே இரும்புச்சத்துக்கும் போட்டி போடுகின்றன. அங்கே வயது நேரடியாகவே ஆபத்து. பதினேழு, பதினெட்டைத் தாண்டும்போது வயதின் பங்கு குறைந்து, அந்தப் பிள்ளை எந்த நிலையில் கர்ப்பமானாள், எத்தனையாவது வாரத்தில் எங்களிடம் வந்தாள், யார் வீட்டில் சாப்பிடுகிறாள் என்பவற்றின் பங்கு கூடிவிடுகிறது. நான் பார்த்த அளவில், நேரத்துக்கு வந்து ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பதினெட்டு வயதுத் தாயின் பிள்ளை, இருபத்திரண்டு வயதுத் தாயின் பிள்ளையைப் போலவே தராசில் நின்றிருக்கிறது.

எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான நான்காவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. அதற்கு உதவும் போலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும். புதுமணத் தம்பதியருக்கு அதை நாங்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்போம். ஆனால் ஓடிப்போன பிள்ளை எங்கள் தம்பதியர் பதிவேட்டிலேயே இருக்க மாட்டாள். இரண்டாவது, மாதவிடாய் இன்னும் ஒழுங்குக்கு வராத வயதில் கடைசியாக எந்தத் திகதியில் வந்தது என்று பலருக்குத் தெரியாது. பதினான்கு வாரத்துக்குள் ஸ்கான் செய்தால் நாட்கணக்கு ஏறத்தாழச் சரியாக வந்துவிடும். அதைத் தவறவிட்டால், பின்னர் 2 கிலோ 200 கிராமில் பிறக்கும் குழந்தை மாதம் குறைந்து பிறந்ததா, மாதம் நிரம்பியும் வயிற்றுக்குள் வளராமல் போனதா என்று சொல்ல முடியாது. இரண்டும் 2,500 கிராமுக்குக் கீழ்தான். ஆனால் இரண்டும் ஒரே நோயல்ல, பராமரிப்பும் ஒன்றல்ல.

உங்கள் மாணவிக்கு மூன்று மாதம் என்றால் ஸ்கானுக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இந்த வாரமே போக வேண்டும்.

குருதிச்சோகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை என்கிறோம். இந்த வயதுப் பிள்ளைகளில் பலர் கர்ப்பத்துக்கு முன்னரே அந்தக் கோட்டில்தான் நிற்கிறார்கள். குளிசை கொடுத்தால் வீட்டில் தேநீரோடு விழுங்குகிறார்கள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேநீரைத் தள்ளிவைக்க வேண்டும். கல்சியம் குளிசையையும் அதோடு சேர்த்து எடுக்கக்கூடாது. தேசிக்காய்த் தண்ணீரோ தோடம்பழமோ எடுத்தால் நல்லது. மீன், முட்டை, நெத்தலி, முருங்கையிலை, பொன்னாங்காணி, நம்முடைய தயிர் எல்லாம் எட்டாத உணவுகள் அல்ல. கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கிடைத்தால் அதை அந்தப் பிள்ளையே சாப்பிட வேண்டும். பல வீடுகளில் அது எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பங்கிடப்படுவதைக் கண்டிருக்கிறேன். பசித்த வீட்டில் அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இருபது வாரத்துக்குப் பின்னர் குருதியமுக்கத்தைக் கவனிக்க வேண்டும். முதற்பிள்ளை என்பதாலேயே அந்த ஆபத்து கூடுதல். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலோ, விடாத தலையிடி, கண்ணில் மின்னல் போன்ற ஒளி, மேல்வயிற்றில் நோவு, முகவீக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலோ அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று, இதை எந்தக் கைந்நூலிலும் நான் படிக்கவில்லை. நம்முடைய கிழக்கில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழமை. மகளுக்கென்று சீதனவீடு, பக்கத்து வளவில் தாய், கூப்பிடு தூரத்தில் சிறிய தாய், பெரிய தாய். கர்ப்பிணிக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது. என்ன சாப்பிட்டாள், ஏன் முகம் வெளிறியிருக்கிறது என்று கேட்க அங்கே நான்கு பேர் இருப்பார்கள். ஓடிப்போன பிள்ளை இழப்பது முதலில் இந்தக் காவலைத்தான். பையனின் வீட்டில் அவள் புதியவள், சில இடங்களில் விரும்பப்படாதவள், பசித்தாலும் கேட்கக் கூசுகிறவள். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் திரும்பி வருவதற்கும் ஆள் இல்லை. தாய் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் நிறை கூடுவதை என் பதிவேட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் உங்களிடம் வந்து அழுதார் என்கிறீர்கள். அவரிடம் மகளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். பையனையும் சேர்த்தே கூட்டிவரச் சொல்லுங்கள்.


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

பொலிஸ் பற்றிய அச்சத்துக்குச் சுருக்கமாகப் பதில் தருகிறேன். இரண்டு வயதெல்லைகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையுடனான உடலுறவு, அவள் சம்மதித்திருந்தாலும் கற்பழிப்புக் குற்றமே. பதினெட்டு என்பது பொதுச் சட்டத்தின் கீழ் திருமணத்தைப் பதிவு செய்வதற்கான வயது. அதுவும் 1995இல்தான் வந்தது. முஸ்லிம்களின் திருமணங்கள் 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டத்துக்கு உட்பட்டவை. அச்சட்டம் குறைந்தபட்ச வயதை விதிக்காததால் அதைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கையை முஸ்லிம் பெண்களே நீண்ட காலமாக முன்வைத்து வருகிறார்கள்.

உங்கள் மாணவி பதினேழு நிரம்பிய பின்னரே கருவுற்றிருக்கிறாள் என்று தெரிகிறது. பலவந்தமோ ஏமாற்றோ இல்லையென்றால், வயதை மட்டும் காரணமாக வைத்து அந்தக் குற்றச்சாட்டு எழாது. ஆனால் பலவந்தம் நடந்ததா என்பதை, பையனின் வீட்டார் அருகில் இல்லாத இடத்தில், அவளிடம் யாராவது கேட்க வேண்டும். அப்படியொன்று இருந்தால் சிறுவர்களுக்கான 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். கிளினிக்கில் பதிவதற்குத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை.

பிள்ளை பிறந்த பின்னர் 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். திருமணம் பதிவாகாவிட்டாலும், தாயும் தகப்பனும் இருவரும் சேர்ந்து வேண்டினால் தகப்பனின் பெயரைப் பதிவில் சேர்க்க முடியும். அவளுக்குப் பதினெட்டு ஆகட்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வோம் என்று காத்திருந்து, பாடசாலையில் சேர்க்கும் வயதில் பிறப்புச் சான்றிதழ் தேடி அலைகிற குடும்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன.


செங்கலடி எழுதியது:

நானும் பதினேழு வயதில் தாயானவள். இப்போது என் மகனுக்கு ஒன்பது வயது.

நான் ஏழாம் மாதத்தில்தான் முதன்முதலாகக் கிளினிக்குக்குப் போனேன். பயம் ஒரு காரணம். மற்றக் காரணம், வாங்கில் இருக்கும் மற்றப் பெண்களின் பார்வை. அங்கே ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி என் வயதைக் கேட்டு, மற்றவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த தவணைக்கு நான் போகவில்லை. என் மகன் 1 கிலோ 900 கிராமில் பிறந்தான். பாலை உறிஞ்சத் தெரியாமல் இருந்தான். பாலைக் கறந்து சிறிய கோப்பையால் பருக்கினோம். நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த தாதியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் என்னிடம் வயதைக் கேட்கவே இல்லை. "தாய் வாங்கோ" என்றுதான் கூப்பிட்டார்.

ஆசிரியை அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல்நாள் அவளோடு நீங்களும் போங்கள். ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்தால் யாரும் அவளை அப்படிப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, அவளிடம் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் இருபத்துமூன்று வயதில்தான் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்று பாடங்களைத் திரும்ப எழுதினேன். அப்படி எழுதலாம் என்பதே அதற்கு முன்னர் எனக்குத் தெரியாது.


படுவான்கரை ஆசிரியை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. செங்கலடித் தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதன் பின்னர் காத்திருக்க முடியவில்லை.

நேற்று நானும் அவளுடைய தாயும் பையனின் வீட்டுக்குப் போனோம். சட்டத்தரணி ஐயா சொன்ன வயதுக்கணக்கை விளக்கியதும் அவர்களின் முகம் மாறியது. இவ்வளவு நாளும் உண்மையாகவே பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார்கள். அவளைத் தனியே அழைத்துப் பேசினேன். பலவந்தம் எதுவும் இல்லை என்றாள். இன்று காலை மூவரும் கிளினிக்குக்குப் போனோம். ஸ்கானில் 13 வாரமும் 2 நாளும் என்று வந்தது. ஈமோகுளோபின் 9.8. நிறை 41 கிலோ. வெள்ளிக்கிழமை தாய் வீட்டுக்குத் திரும்புகிறாள், பையனும் வருகிறான்.

அம்மா, 9.8 என்பது எவ்வளவு கவலைப்பட வேண்டிய அளவு?


ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், திருக்கோவில் பக்கம் எழுதியது:

கவலைப்பட வேண்டும், ஆனால் பயப்பட வேண்டியதில்லை, மகள். பதின்மூன்றாவது வாரத்தில் கண்டுபிடித்தது நல்லது; குளிசை ஒழுங்காக இறங்கினால் நான்கு வாரத்தில் எண் ஏறத் தொடங்கும். ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று வைத்தியர் தேட வேண்டும். குளிசையைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பது போதாது. பூச்சிக் குளிசை கொடுத்தார்களா என்று கேளுங்கள். 41 கிலோதான் எனக்குக் கூடுதல் யோசனை தருகிறது. அவளுடைய உயரத்தை அளந்து பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளை பிறப்பதற்குள் எத்தனை கிலோ ஏற வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம்.